பென்டிரைவில் வருகிற வைத்தியம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய ஸ்மார்ட் டிவியில், செட்டாப் பாக்ஸை மாற்றிய பிறகு, படம் முன்னால் ஓட ஒலி பின்னால் வந்தது. நிறுவனத்தின் சர்வீஸ் ஆள் ஒரு பென்டிரைவைச் செருகி, பத்து நிமிடம் காத்திருந்து, “சாஃப்ட்வேர் போட்டாச்சும்மா” என்று சொல்லி 650 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். டிவி சரியாகிவிட்டது. அந்தப் பென்டிரைவில் இருந்ததை எனக்கே கொடுத்திருந்தால் நான் செய்திருக்க மாட்டேனா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

தாராளமாகச் செய்திருப்பீர்கள். வந்தவரின் பயணச் செலவையும் நேரத்தையும் கழித்துப் பார்த்தால், நீங்கள் கொடுத்த பணத்தில் மிச்சமிருப்பது அந்தக் கோப்பு உங்கள் கைக்கு எட்டாமல் இருப்பதற்கான விலைதான்.

அந்தக் கோப்பின் பெயர் ஃபர்ம்வேர். டிவியை எழுப்புவது, ரிமோட்டின் கட்டளையைப் புரிந்துகொள்வது, செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் படத்தையும் ஒலியையும் ஒரே தாளத்தில் வைப்பது எல்லாம் அதன் வேலை. ஆஷர் ஓப்லர் என்பவர் 1967இல், வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவில் இருப்பது என்ற கருத்தில் இந்தச் சொல்லை உருவாக்கினார். தமிழில் இதை ‘நிலைபொருள்’ என்று சொல்வதுண்டு. மாதம் ஒருமுறை மாறுகிற ஒன்றுக்கு இந்தப் பெயர் எவ்வளவு பொருந்தும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் இது உண்மையிலேயே நிலையாகத்தான் இருந்தது. நிரல் சிப்பிலேயே பதிக்கப்பட்டு ஆலையிலிருந்து வரும்; தவறு இருந்தால் சிப்பையே மாற்ற வேண்டும். பிறகு வந்த ஈப்ராம் சிப்புகளின் முதுகில் ஒரு சிறிய கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியே புற ஊதா ஒளியைப் பாய்ச்சிப் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவார்கள். அந்த நாள்களில் இந்த வேலையை வாங்கியவர் வீட்டில் செய்துகொள்ள முடியாது என்று சொன்னதில் நியாயம் இருந்தது. 1980களில் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கி, அது மலிவாகி, வீட்டுச் சாதனங்களுக்குள் நுழைந்த பிறகு சாதனமே தன் நிரலைத் தானே அழித்து எழுதிக்கொள்ள முடிந்தது. சால்டரிங் அயர்னுக்கு வேலை போன அன்றே, வாங்கியவரைத் தள்ளி நிறுத்துவதற்கான தொழில்நுட்பக் காரணமும் போய்விட்டது.

நிறுவனங்கள் இன்றைக்குச் சொல்லும் காரணங்கள் இரண்டு. ஒரே மாடல் எண்ணில் விற்கப்படும் டிவிகளில் உள்ளே இருக்கும் பேனல், அதாவது படம் காட்டும் திரைப் பலகை, இரண்டு மூன்று வகையாக இருக்கலாம். ஒரு வகைக்கான கோப்பை மற்றொன்றில் போட்டால் படம் தலைகீழாக வரலாம், நிறம் மாறலாம், திரை இருண்டே போகலாம். அடுத்தது, எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் போர்டு டெட் ஆகிவிடும் என்பது. இரண்டும் உண்மையான ஆபத்துகள்தான். ஆனால் கோப்புக்குள்ளேயே மாடலையும் பேனலையும் குறித்து வைத்து, பொருந்தாவிட்டால் சாதனமே மறுத்துவிடும்படி செய்வது ஒன்றும் கடினமான காரியமல்ல. நினைவகத்தில் இரண்டு இடம் ஒதுக்கி, ஒன்றில் பழைய நிரலை வைத்துக்கொண்டு மற்றொன்றில் புதியதை எழுதி, அது சரியாக எழுந்து நின்ற பிறகே மாற்றிக்கொள்ளும் முறையை 2016இல் வெளியான ஆண்ட்ராய்டு 7 செல்போன்களுக்குக் கொண்டுவந்துவிட்டது. வாடிக்கையாளர் தவறான கோப்பைப் போட்டுவிடுவார் என்று கவலைப்படுகிறவர்கள், நிறுவனமே அதே தவறைச் செய்ததையும் நினைத்துப் பார்க்க வேண்டும்: 2017 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் லாக்ஸ்டேட் நிறுவனம் ஒரு மாடல் கதவுப் பூட்டுக்கான ஃபர்ம்வேரை இணையம் வழியாக வேறொரு மாடலுக்கு அனுப்பிவிட்டதில், ஏறத்தாழ 500 பூட்டுகள் எண் பலகையை அழுத்தினால் திறக்காமல் போயின.

அடுத்த முறை நீங்களே செய்வதாக இருந்தால், முதலில் டிவியின் அமைப்புகளில் ‘இந்த டிவியைப் பற்றி’ என்ற இடத்திலும் முதுகில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் வரும் இரண்டு எழுத்துகளை வேண்டாத வால் என்று விட்டுவிடுகிறவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். நிறுவனத்தின் இந்தியத் தளத்தில் உதவிப் பகுதியில் தேடுங்கள். அங்கே இல்லாவிட்டால் மாடல் எண்ணையும் தற்போதைய பதிப்பு எண்ணையும் எழுதி மின்னஞ்சலில் கேளுங்கள். வாயால் கேட்டால் ‘ஆள் அனுப்புகிறோம்’ என்பார்கள்; எழுத்தில் கேட்டால் சில சமயம் இணைப்பை அனுப்பிவிடுகிறார்கள். யாரோ யூடியூப் காணொளிக்குக் கீழே வைத்திருக்கும் இணைப்பிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். பென்டிரைவைப் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்ய வேண்டியிருக்கும். கோப்பு ஜிப்பாக வந்தால் பிரித்து, எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல், பெயரை மாற்றாமல் வையுங்கள். டிவியை இன்வெர்ட்டர் லைனில் இணைத்துவிட்டு, மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளாக இல்லாமல் பார்த்துத் தொடங்குங்கள். திரை கறுத்து இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கும்போது ரிமோட்டை அழுத்தத் தோன்றும்; அப்போதுதான் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

ஓடுகிற வண்டியை எதற்குக் கழற்ற வேண்டும்? என் வீட்டில் எதையும் நான் அப்டேட் செய்வதில்லை. எல்லாம் நன்றாகவே ஓடுகின்றன.
— ஓய்வுபெற்ற ஒரு மின்வாரிய ஊழியர், தூத்துக்குடி

இணையத்தோடு தொடர்பில்லாத வாஷிங் மெஷினுக்கும் மைக்ரோவேவ் அடுப்புக்கும் உங்கள் கொள்கை சரியானதே. குறை எதுவும் தெரியாதபோது அவற்றைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. ரவுட்டர், சிசிடிவி கேமரா, அதன் பதிவுப் பெட்டி ஆகியவற்றுக்கு அது பொருந்தாது, ஏனென்றால் அவை உங்களுக்காக ஓடிக்கொண்டே வேறு ஒருவருக்காகவும் ஓடக்கூடியவை. 2016 அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் உள்ளிட்ட பல தளங்கள் அமெரிக்காவில் பலருக்கும் பல மணி நேரம் எட்டாமல் போயின. அந்தத் தளங்களின் முகவரியைத் தேடிக் கொடுக்கும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியவை சாதாரண வீட்டுக் கேமராக்களும் பதிவுப் பெட்டிகளும்தான். மிராய் என்ற நச்சுநிரல், ஆலையில் வைத்த பெயர்-கடவுச்சொல் ஜோடிகள் அறுபது சொச்சத்தை வரிசையாக முயன்று பார்த்தே அவற்றுக்குள் நுழைந்திருந்தது. கேமராவின் சொந்தக்காரருக்கோ படம் வழக்கம்போல் தெரிந்துகொண்டிருந்தது. அவற்றில் சிலவற்றின் கடவுச்சொல் ஃபர்ம்வேருக்குள்ளேயே எழுதப்பட்டிருந்ததால், வீட்டுக்காரர் மாற்ற நினைத்திருந்தாலும் மாற்றியிருக்க முடியாது. புதிய ஃபர்ம்வேர் ஒன்றே வழி.

நம் ஊருக்கும் இது தொலைவில் இல்லை. 2017 ஜூலையில், கடவுச்சொல்லை ‘அட்மின்’ என்றே விட்டுவைத்திருந்த பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் ஒரு நச்சுநிரலால் தாக்கப்பட்டு இணைப்பை இழந்தன. கடவுச்சொல்லை உடனே மாற்றும்படி வாடிக்கையாளர்களை நிறுவனம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. வண்டி உவமையையே வைத்துச் சொன்னால், இவை நடுத்தெருவில் சாவியோடு நிறுத்தியிருக்கும் வண்டிகள்.

பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் ஓபன்டபிள்யூஆர்டி போடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இது சட்டத்துக்கு உட்பட்டதா? எங்கள் வீட்டு ஃபைபர் இணைப்புப் பெட்டியிலும் போட முடியுமா?
— பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

ஓபன்டபிள்யூஆர்டி என்பது, ரவுட்டரில் நிறுவனம் வைத்த ஃபர்ம்வேருக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் திறமூல ஃபர்ம்வேர். அது பிறந்த கதையே உங்கள் முதல் கேள்விக்குப் பாதிப் பதில். 2002இன் இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைத் தோண்டிப் பார்த்தவர்கள் உள்ளே லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுவதைக் கண்டார்கள். லினக்ஸ் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வருவது. அதைப் பொருளில் வைத்து விற்கிறவர், மூல நிரலையும் வாங்கியவருக்குக் கொடுத்தாக வேண்டும். நிரலாளர்கள் விடாமல் கேட்டதால் 2003இல் மூல நிரல் வெளியானது. அதை அடித்தளமாகக் கொண்டு 2004இல் ஓபன்டபிள்யூஆர்டி தொடங்கியது, அந்த ரவுட்டரின் எழுத்துகளையே தன் பெயரிலும் வைத்துக்கொண்டது. லிங்க்சிஸை வாங்கிய சிஸ்கோ உரிம நிபந்தனைகளை முழுமையாகக் கடைப்பிடிக்கவில்லை என்று 2008 டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழக்குத் தொடுத்து, அடுத்த ஆண்டே அது சமரசத்தில் முடிந்தது. வாங்கியவர் கையில் நிரல் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை: தயாரித்தவர் கைவிட்ட பெட்டிகளுக்கு, அவற்றை வைத்திருந்தவர்களே ஆண்டுக்கணக்கில் பாதுகாப்புத் திருத்தங்களை எழுதிக் கொடுத்தார்கள்.

ஆகவே நிரலின் உரிமம் உங்களுக்குத் தடையாக நிற்காது. சட்டம் குறுக்கிடும் இடம் வைஃபை அலைகள்தான். எந்த அலைவரிசையில் எவ்வளவு திறனோடு அனுப்பலாம் என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் வரம்பு உண்டு. எனவே நிரலைப் போட்டதும் நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள், ‘சிக்னல் கூடும்’ என்று வேறு நாட்டை வைக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். இந்த வரம்பைக் காரணம் காட்டியே ரவுட்டர்களை மொத்தமாகப் பூட்டிவிடும் போக்கு அமெரிக்காவில் தலைதூக்கியது. அனுமதித்த திறனைவிடக் கூடுதலாக அனுப்பும்படி மாற்றக்கூடிய ரவுட்டர்களை விற்றதற்காக டிபி-லிங்க் நிறுவனம் 2016இல் 2,00,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டபோது, அங்குள்ள தகவல் தொடர்பு ஆணையம் இன்னொரு நிபந்தனையையும் சேர்த்தது: வெளியார் எழுதும் ஃபர்ம்வேருக்கு இடம் கிடைக்கும்படி அந்த நிறுவனம் திறமூல நிரலாளர்களோடும் சிப் தயாரிப்பாளர்களோடும் சேர்ந்து வழி காண வேண்டும். வைஃபை அலையை அனுப்பும் ரேடியோ பகுதிக்கு மட்டும் பூட்டுப் போட்டால் போதும், வீடு முழுவதற்கும் வேண்டாம் என்ற அந்த நிலைப்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது.

செய்முறையில் கவனிக்க வேண்டியது வன்பொருள் பதிப்பு. ஒரே பெயருள்ள ரவுட்டரின் அடியில் வி1, வி2, வி3 என்று சிறிதாக அச்சிட்டிருப்பார்கள். உள்ளே சிப்பே வேறாக இருக்கும். ஓபன்டபிள்யூஆர்டி தளத்தின் சாதனப் பட்டியலில் உங்கள் பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ராமும் மட்டுமே உள்ள பழைய பெட்டியாக இருந்தால் புதிய பதிப்புகள் அதில் அடங்காது, ஆசையை விட்டுவிடுங்கள். இறக்கிய கோப்பின் ஷா-256 சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். மீட்கும் வழியையும் முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளுங்கள். பல ரவுட்டர்களில் ரீசெட் பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால், லேன் கம்பி வழியாக டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறையில் கோப்பை வாங்கிக்கொள்ளும்.

வீட்டு ஃபைபர் பெட்டியைத் தொட வேண்டாம். அது பெரும்பாலும் இணைப்பு கொடுத்தவரின் சொத்து. டிஆர்-069 போன்ற முறையில் அவர்களே தொலைவிலிருந்து அதைப் பராமரிக்கிறார்கள். அதன் பின்னால் உங்கள் ரவுட்டரை வைத்து அதில் எது வேண்டுமானாலும் செய்யுங்கள்.

எங்கள் அலுவலகப் பிரிண்டரில் வெளியில் மறுபடி மை நிரப்பிய கார்ட்ரிட்ஜ்தான் போடுவோம். ஒரு நாள் தானாகவே அப்டேட் ஆகி, அதன்பின் அந்தக் கார்ட்ரிட்ஜை ஏற்க மறுக்கிறது. பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்ப முடியுமா?
— ஒரு வாசகர், மதுரை

பெரும்பாலும் முடியாது, பழைய பதிப்பை மறுக்கும்படியே புதியதை எழுதியிருப்பார்கள். ஓட்டை உள்ள பழைய நிரலை வேறு யாரும் திருட்டுத்தனமாகத் திணித்துவிடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் பாதுகாப்புக் காரணம். அது உண்மைதான் என்றாலும், அதே கதவை வைத்து வெளியார் விற்கும் மையையும் அடைத்துவிடலாம் என்பதை உங்கள் பிரிண்டர் காட்டியிருக்கிறது.

இது புதிய கதையும் அல்ல. 2016 செப்டம்பர் 13 அன்று உலகின் பல இடங்களில் எச்பி பிரிண்டர்கள் வேறு நிறுவனச் சிப் வைத்த கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் மறுக்கத் தொடங்கின. எதிர்ப்பு கிளம்பியதும், அந்தத் தடையை நீக்கும் ஃபர்ம்வேரை விரும்புகிறவர்கள் போட்டுக்கொள்ளும்படி தருவதாக அந்த மாத இறுதியிலேயே நிறுவனம் அறிவித்தது. 2010 ஏப்ரல் 1 அன்று சோனி தன் பிளேஸ்டேஷன் 3க்கு வெளியிட்ட 3.21 பதிப்பு, அதில் லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளத்தை நிறுவும் வசதியை நீக்கியது. வேண்டாம் என்று மறுத்தவர்களுக்கு இணையத்தில் விளையாடும் வழி அடைபட்டது. அதன்மேல் அமெரிக்காவில் தொடுத்த வழக்கு 2016இல் சமரசத்துக்கு வந்தது.

நீங்களே அப்டேட் செய்யும் உரிமை என்று நான் சொல்லும்போது, வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதில் அடக்கம். பாதுகாப்புத் திருத்தத்தையும் வசதி மாற்றத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பதுதான் இதில் உள்ள சூழ்ச்சி: ஒன்றை வேண்டாம் என்றால் மற்றதும் கிடையாது. இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது, நிறுவனத்தின் தளத்தில் தடை நீக்கும் பதிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதும், வாங்கியபோது பெட்டியில் இப்படி ஒரு நிபந்தனை அச்சிட்டிருந்ததா என்று தேடுவதும் ஆகும். அச்சிட்டிருக்கவில்லை என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதற்குப் பிறகும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அடுத்த பிரிண்டரில் தானியங்கி அப்டேட்டை முதல் நாளே நிறுத்திவிடுங்கள்.

எத்தனை ஆண்டுகளுக்கு அப்டேட் கிடைக்கும் என்பதை வாங்கும்போதே தெரிந்துகொள்ள வழி உண்டா?
— ஒரு வாசகி, சிங்கப்பூர்

உங்கள் ஊரில் ஓரளவு உண்டு. சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு முகமை 2020 அக்டோபரில் தொடங்கிய லேபிள் திட்டத்தில் நான்கு நிலைகள் உள்ளன. பொதுவான கடவுச்சொல் இல்லாமல் இருப்பதும் மென்பொருள் அப்டேட் கிடைப்பதும் முதல் நிலைக்கே தேவை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், குறைந்தது எவ்வளவு காலத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்பதை உற்பத்தியாளர் வெளியிட்டாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இணைய மீள்திறன் சட்டம் 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். பொருளின் ஆயுளே அதைவிடக் குறைவாக இருந்தாலொழிய குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குத் திருத்தம் தர வேண்டும், தானியங்கி அப்டேட்டை நிறுத்தும் வழி எளிதாக இருக்க வேண்டும், தொழில்நுட்பம் இடம் கொடுக்கும் வரை பாதுகாப்புத் திருத்தத்தை வசதி மாற்றத்திலிருந்து பிரித்துத் தர வேண்டும் என்கிறது அது. மதுரை வாசகருக்குச் சொன்னதற்கு அங்கே மருந்து எழுதியிருக்கிறார்கள். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுநீக்கும் உரிமைக்கான தளத்தைத் தொடங்கியது. நிறுவனங்கள் அதில் தகவல் தருகின்றன. கட்டாயமாக்கும் சட்டமாக அது இன்னும் வளரவில்லை.

நான் 20 ஆண்டுகளாக எல்சிடி, எல்இடி டிவி சர்வீஸ் செய்கிறேன். எல்லாரும் வீட்டிலேயே சாஃப்ட்வேர் போட்டுக்கொள்ளலாம் என்று நீங்கள் எழுதினால் எங்கள் பிழைப்பு என்னாவது?
— ஒரு மெக்கானிக், சென்னை ரிச்சி தெரு அருகில்

கும்பகோணம் வாசகியிடம் வாங்கிய 650 ரூபாய் உங்களைப் போன்றவருக்கு வந்து சேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கோப்பைப் பூட்டி வைத்திருப்பதால் அவரைவிட அதிகம் கஷ்டப்படுகிறவர் நீங்கள்தான் ஐயா. டெட் ஆன போர்டு உங்கள் மேசைக்கு வருகிறது. சிப்பில் எழுதும் கருவியான சிஎச்341ஏ புரோகிராமரைக் கவ்வவிட்டு எழுதத் தயாராக இருக்கிறீர்கள். எழுத வேண்டிய கோப்போ நிறுவனத்திடம் கிடைப்பதில்லை. யாரோ எந்த டிவியின் சிப்பிலிருந்தோ அப்படியே நகலெடுத்த டம்ப் ஃபைலுக்காக வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டு, காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

அப்டேட் வீட்டில் நடந்தாலும் கெட்டுப்போவது நிற்காது. 2020 ஜூனில் சாம்சங் ப்ளூரே பிளேயர்கள் பல நாடுகளில் ஒரே நேரத்தில் எழுவதும் அணைவதுமாகச் சுற்றத் தொடங்கின. இணையம் வழியாக வந்து இறங்கிய ஒரு சிறிய அமைப்புக் கோப்பு காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். இணையத்தை எட்டுவதற்கு முன்பே நின்றுபோனதால் தொலைவிலிருந்து திருத்தவும் வழியில்லை. பிளேயர்களை அனுப்பிவையுங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று நிறுவனம் சொல்ல வேண்டியதாயிற்று. பொதுவில் கோப்பும் மீட்கும் முறையும் இருந்திருந்தால் அந்த வேலையை ஒவ்வொரு ஊரிலும் உங்களைப் போன்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பார்கள்.

ஒரு வேண்டுகோள் மட்டும். சிப்பில் எழுதுவதற்கு முன்பு, அதில் ஏற்கெனவே இருப்பதை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்துச் சேமித்துக்கொள்ளுங்கள், 1.8 வோல்ட் சிப்பாக இருந்தால் அடாப்டர் இல்லாமல் கை வைக்காதீர்கள். அந்த டிவிக்கே உரிய மேக் முகவரி (வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்), எச்டிசிபி சாவி (எச்டிஎம்ஐ வழியே வரும் படத்தின் நகல் தடுப்புக்கானது), படத் தளங்களுக்கான உரிமச் சாவி ஆகியவை பல மாடல்களில் அந்தச் சிப்பிலேயே இருக்கும். வேறொரு டிவியின் டம்ப்பை முழுவதுமாகப் போட்டுவிட்டால் படம் வந்துவிடும், வாடிக்கையாளரும் மகிழ்ச்சியாகத் தூக்கிக்கொண்டு போவார். ஒரு வாரம் கழித்து நெட்ஃப்ளிக்ஸ் திறக்கவில்லை என்று திரும்பி வரும்போது, உங்களிடம் பழைய கோப்பு இருந்தால்தான் அந்தச் சாவிகளை எடுத்துச் சேர்க்க முடியும்.